மூன்று பட்டை போட்ட பீப்பாய்

ஓய்வு பெற்றால் எனக்கு போன் வருவது நின்றுவிடும் என்று என் மனைவி நம்பியிருந்தாள். முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கை போயிற்று. எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஆர்யா என்கிற இன்ஜினியர் பெண், எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். கெட்டிக்காரி. இப்போது சாண எரிவாயு பிளான்டுகளில் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் அவளுடைய போனிலேயே தெரிகிறது. நாங்கள் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்ததை அவள் பஸ்ஸில் உட்கார்ந்தபடி பார்த்துவிடுகிறாள். நாற்றம் மட்டும்தான் இன்னும் போனில் வரவில்லை. அதுவும் வந்துவிட்டால் பிளான்டுக்கு யாரும் போக வேண்டிய அவசியமே இருக்காது.

போன மாதம் அவள் கூப்பிட்டது மாவிளைக்கோணத்திலிருந்து. அங்கே ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொது பிளான்ட் ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து வீடுகளுக்குப் போகும் குழாயின் நடுவில் ஓர் இரும்புப் பீப்பாய் நிற்கிறது, வரைபடத்தில் அது இல்லை என்றாள். அதோடு, பீப்பாய்க்கு மூன்று பட்டையாகத் திருநீறு பூசி, நடுவில் சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு செம்பருத்திப் பூவும் வைத்திருக்கிறார்களாம். "அங்கிள், இது என்ன உபகரணம்? எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள்.

"எடுக்காண்டாம் மக்கா. நாளைக்கு ஒண்ணா போவோம், நானும் வாறேன்" என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பஸ் உதியன்குளங்கரையில் வழக்கம்போல நெரிசலில் மாட்டிக்கொண்டதால் முழுவதும் சொல்ல நேரம் கிடைத்தது.

ஐடிஐயில் பைப் வேலை படித்துவிட்டு, சாண எரிவாயு பிளான்ட் கட்டிக்கொடுக்கும் அமைப்பு ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தவன் நான். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாணியையும் தண்ணீரையும் கலந்து, கையால் அள்ளி, விரல் இடுக்கில் எப்படி வழிகிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். தோசை மாவுப் பதம் இருந்தால் சரி. சேர்ந்த புதிதில் ஒருநாள் கால் வழுக்கித் தொட்டிக்குள்ளேயே விழுந்தேன். என்னைத் தூக்கிவிட்ட மேஸ்திரி, இனிமேல் உனக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்குப் பெண் பார்த்த வீட்டில் மாப்பிள்ளைக்கு கேஸ் ஆபீசில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். சிலிண்டர் சீக்கிரம் கிட்டும் என்று அவர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். கல்யாணம் முடிந்து மாமனார் சிலிண்டரைப் பற்றி விசாரித்தபோது, வீட்டில் எத்தனை மாடு நிற்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

எங்கள் மேலதிகாரி சுகுமாரன் சார் நெய்யாற்றின்கரைக்காரர். மலையாளத்தில்தான் பேசுவார், அதையும் அளந்து அளந்து பேசுவார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டாமலேயே சாணித் தொட்டியின் விளிம்பில் நடந்து போவார், ஒரு துளி படாது. தொட்டிக்குள் கழிவைத் தின்று கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "உள்ளே இருப்பவர்கள்" என்பார். உள்ளே இருப்பவர்களுக்குப் பசிக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்கு இன்று வயிறு சரியில்லை, உள்ளே இருப்பவர்களை அவசரப்படுத்தாதே. கேட்கிறவர்களுக்கு யாரோ பழைய பெரிய குடும்பத்து தறவாட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுகிறார் என்று தோன்றும்.

பிளான்ட் ஒன்றைக் கட்டி முடித்தால் சோதிக்க முறைகள் உண்டு. குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். குழாயில் தேங்கிய ஈரத்தை வடித்துவிட வேண்டும். நாங்கள் இவ்வளவும் செய்து முடித்த பிறகு சார் வருவார். ஒன்றையும் பார்க்க மாட்டார். பையிலிருந்து இரண்டு சிறிய டப்பாக்களை எடுப்பார். ஒன்றில் தேயிலை, மற்றதில் சர்க்கரை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, அந்தக் கேஸில் பால் விடாத கட்டன்சாயா ஒன்று போட்டுக் குடிப்பார். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் தீயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தால் பிளான்ட் தேறிவிட்டது என்று அர்த்தம். தாலுகா முழுக்க இப்படி எத்தனையோ சாயா குடித்தார். எல்லாம் ஒரே ருசியாகத்தான் இருந்தது என்று ஒருமுறை சொன்னார். அதுதான் அவர் எங்களைப் பாராட்டிய ஒரே தடவை.

இனி மாவிளைக்கோணம். பாறசாலை ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சரிவு. மேலே சில சைவ வீடுகள். கீழே பல தரப்பட்ட மீன் தின்கிற வீடுகள். மேல் வீடுகளில் ஒன்று சிவதாணுப் பிள்ளை அண்ணாச்சியுடையது. அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை பகவதி அக்கா, புருஷன் செத்த பிறகு அண்ணன் வீட்டுப் பக்கவாட்டு அறையில் இருந்துகொண்டு முறுக்கும் முந்திரிக்கொத்தும் போட்டு விற்றுவந்தார். அண்ணன் சோறு போடத் தயாராகத்தான் இருந்தார். அக்காவுக்குத் தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்கிற பிடிவாதம். சைவ வீட்டு முறுக்கு என்பதால் பாறசாலை வரைக்கும் கிராக்கி.

விறகடுப்புதான் வினையாக வந்தது. அக்காவுக்கு இளைப்பு முற்றி, இருமத் தொடங்கினால் அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். புகை வேணுமா, மூச்சு வேணுமா, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி காய்கிற அடுப்புக்கு சிலிண்டர் கட்டுப்படியாகாது. கிராமசபையில் அக்கா எழுந்து நின்று, ஊர்க் குப்பையிலிருந்து கேஸ் எடுக்கலாமாமே, நமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். எல்லா வீடும் கழிவு தர வேண்டும், எல்லா வீட்டு அடுப்புக்கும் கேஸ் போகும் என்று பஞ்சாயத்தில் முடிவாயிற்று. தங்கையின் மூச்சுக்காக அண்ணாச்சி தன் கிணற்றடி நிலத்தையே விட்டுக்கொடுத்தார். நாங்கள் தொட்டி கட்டினோம். சார் வந்து சாயா குடித்தார். டம்ளரைக் கவிழ்த்தார். அக்கா முதல் முறுக்கைச் சாருக்குத்தான் கொடுத்தார். அதன்பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டிலிருந்து இருமல் கேட்கவில்லை.

கீழ் வீடுகளில் ரோஸ்லி என்று ஒரு பெண். உதியன்குளங்கரை முக்கில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை. நல்ல மனசு, பெரிய குரல். ஒருநாள் காலையில் அயிலைத் தலையும் சாளைக் குடலும் நிறைந்த வாளியோடு கிணற்றடிக்கு வந்தாள். அண்ணாச்சி அப்போதுதான் குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். இது எங்கே போகிறது என்று கேட்டார். தொட்டிக்கு என்றாள். தொட்டியிலிருந்து எங்கே போகும் என்று கேட்டார். "கேஸாகி உங்க அடுப்புக்கு வரும் அண்ணாச்சி. பகவதி அக்காக்க முறுக்கு இம்பிடு நாளும் இதிலதானே வெந்தது" என்று அவள் சந்தோஷமாகவே சொன்னாள். ஏதோ தானம் செய்கிறவள் மாதிரி அவளுக்கு ஒரு பெருமை.

அண்ணாச்சி கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மேல் வீடுகள் அத்தனையும் கேஸ் குழாயைப் பூட்டிவிட்டன. பகவதி அக்காவும் பூட்டினார். அவருக்கும் சைவம் முக்கியம். தெரிந்தே மீன் கேஸில் வேகவைத்துச் சைவ முறுக்கு என்று எப்படி விற்பேன் என்று கேட்டார். மறுபடி விறகு வந்தது, புகை வந்தது, இருமலும் வந்தது.

கூட்டம் போட்டோம். தொட்டியில் மீன் போடுவது நிற்க வேண்டும், இல்லையென்றால் என் நிலம் திரும்ப வேண்டும் என்றார் அண்ணாச்சி. மீன் இல்லையென்றால் எங்கள் வீட்டுக் கழிவும் கிடையாது என்றாள் ரோஸ்லி. நான் சாரைப் பார்த்தேன். எரிந்து போகிற கேஸில் மீன் எங்கே இருக்கிறது என்று இவர் விளக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ மெதுவாகத் தலையை ஆட்டி, அவர்களுடைய அடுப்பில் எது எரியலாம் என்று அவர்கள்தானே தீர்மானிக்க வேண்டும் என்றார். பிறகு காகிதத்தில் இரண்டு தொட்டி வரைந்தார். ஒன்று சைவத் தொட்டி, மற்றது சாதாரணத் தொட்டி. குழாய்களும் தனித்தனி. என் சர்வீசில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு வரைபடத்தை நான் பார்த்ததில்லை.

புதுத் தொட்டியை ஓடவைக்க முதலில் சாணி வேண்டும். ஊரில் ரப்பர் வந்த பிறகு மாடு போய்விட்டது. மிச்சம் நின்ற ஒரே பசு ரோஸ்லியுடையது. சாணி புனிதம்தான், அதில் பேச்சே இல்லை என்றார் அண்ணாச்சி. ஆனால் அந்தப் பசு குடிக்கிற கஞ்சித்தண்ணீர் எந்த வீட்டுக் கஞ்சித்தண்ணீர் என்று கேட்டார். யாரும் அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை. பசுவின் ஆகாரத்தை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். மேல் வீட்டிலிருந்து ஒருவர், கீழ் வீட்டிலிருந்து ஒருவர், நடுநிலையாக நான். நாங்கள் தொழுவத்துக்குப் போய்க் கஞ்சித்தண்ணீர்த் தொட்டியை மோந்து பார்த்தோம். பசு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது.

ரோஸ்லி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "மீன் திங்குத பசு எனக்கு கிட்டியிருந்தா நான் எதுக்கு மீன் வெட்டப் போறேன்? அதைக் காட்டியே பிழைச்சிருப்பேன்லா" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. பசு சைவம் என்று குழு ஒரு மனதாகத் தீர்மானித்தது. அண்ணாச்சி அந்தத் தீர்மானத்தை எழுத்தில் கேட்டார், கொடுத்தோம்.

இரண்டு தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடத் தொடங்கின. இந்த மாதிரித் தொட்டிகளில் மேலே ஒரு மூடி மிதக்கும். உள்ளே கேஸ் சேரச் சேர மூடி உயரும், அடுப்பு எரிய எரியத் தாழும். ஆகையால் யார் தொட்டியில் எவ்வளவு கேஸ் என்பது ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். ரோஸ்லியின் வாளி விழுந்த தொட்டியில் மூடி தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஓரத்தில் கேஸ் குமிழி விட்டு வீணாகவும் போனது. சைவத் தொட்டியில் மூடி முட்டளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தது. காய்கறித் தோலையும் வாழைச் சருகையும் தின்று உள்ளே இருப்பவர்கள் தங்களால் ஆனதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அக்காவின் எண்ணெய் காய்வதற்குள் பிசைந்த மாவு காய்ந்தது.

கீழ் வீட்டுக்காரர்கள் போகும்போதும் வரும்போதும் சைவ மூடியைக் குனிந்து பார்த்து, என்ன, இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று விசாரித்தார்கள். மேல் வீடுகளுக்கு ரோஷம் வந்தது. அந்த நேரத்தில் அவர்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். மிஞ்சிப்போன அடைப்பிரதமன் பாயசம், சோறு, பலாச்சக்கைச் சுளை, மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் அண்டா அண்டாவாகத் தொட்டியில் கொட்டினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் மூடி கிண்ணென்று உயர்ந்து நின்றது. அண்ணாச்சி எனக்கு போன் செய்து, சாரையும் கூட்டிக்கொண்டு உடனே வா என்றார். ரோஸ்லியையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். கீழ் வீட்டு மூடியைவிட ஒரு சாண் உயரம் என்று அவரே கையை வைத்து அளந்து காட்டினார்.

சார் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். டப்பாக்களை எடுத்தார். குழாயைத் திறந்தோம், உஸ்ஸென்று வந்தது. தீக்குச்சியைக் காட்டினேன். குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்தேன், அதுவும் அணைந்தது. தீப்பெட்டி முடிகிற வரைக்கும் கிழித்துக்கொண்டே இருந்தேன்.  பாயசம் மொத்தமும் உள்ளே புளித்துப் போயிருந்தது. அப்படிப் புளித்தால் வருகிற கேஸ் மூடியைத் தூக்குமே தவிர எரியாது. ரோஸ்லிதான் மெல்லக் கேட்டாள், சைவக் கேஸ் அகிம்சைக் கேஸோ, யாரையும் சுடாதோ என்று. சார் தேயிலையைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். உள்ளே இருப்பவர்கள் விருந்து சாப்பிட்டுப் படுத்திருக்கிறார்கள், அவர்கள் எழுந்திருக்க நாளாகும் என்றார். இனி ஒரு தோல்கூடப் போடக் கூடாது, சுண்ணாம்பும் சாணியும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சாயா குடிக்காமல் திரும்பிய ஒரே தடவை அதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். அந்தச் சிரிப்பு பகவதி அக்காவின் வாசல் வரைக்கும்தான் நீடித்தது. கல்யாண சீசன், வாங்கி வைத்த ஆர்டர்கள். அக்கா விறகடுப்பின் முன்னால் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறுக்கைப் பிழிவார், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார், திரும்ப வந்து புரட்டிப் போடுவார். உதடு நீலம் பூத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோஸ்லியின் தொட்டியில் மிஞ்சிய கேஸ் குமிழி குமிழியாக வீணாகிக்கொண்டிருந்தது.  அக்கா, அந்தக் குழாயை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். மூச்சை வாங்கிக்கொண்டு, வேண்டாம் என்று கையைத்தான் காட்டினார். கொஞ்சம் கழித்து, அண்ணன் மனசு நோகும் என்றார்.

அதற்கு மறுநாள் காலையில் அண்ணாச்சி நேராக என் வீட்டுக்கே வந்தார். அவர் எங்கள் வீட்டு வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"எலே தங்கராஜே, அந்தக் கேஸ்ல இருந்து மீன் நாத்தத்தை மட்டும் எடுக்க வழி உண்டா?"

"உண்டு அண்ணாச்சி. இரும்புத் தூள் நிரப்பின பீப்பாய் வழியா விட்டா நாத்தத்தை இரும்பு பிடிச்சுக்கிடும். பெரிய பிளான்டுகள்ல வைக்குததாக்கும்."

"நாத்தம் போனா பின்ன மீனும் போன கணக்குதானே?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். ராத்திரி தூங்கியிருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவதை விடிய விடியக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அவர் என்னிடம் ரசாயனம் கேட்கவில்லை. "ஆமா அண்ணாச்சி, போனதுதான்" என்றேன். அந்தப் பதிலைச் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது.

சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. அப்படியே செய், அழுத்தம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள் என்றார். லேத் பட்டறையிலிருந்து இரும்புத் துருவல் வாங்கி, தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்கவைத்து, பீப்பாயில் நிரப்பினேன். கீழ்த் தொட்டியின் கேஸ் அதன் வழியாக மேல் வீடுகளுக்குப் போகும்படி குழாயை மாற்றினேன். மூடப் போகும்போது அண்ணாச்சி ஒரு பொட்டலம் திருநீற்றை நீட்டி, இதையும் உள்ளே போடலாமா, வேலைக்கு இடைஞ்சல் உண்டா என்று கேட்டார். சாம்பல்தானே, இடைஞ்சல் இல்லை என்றார் சார். உள்ளே போட்டார். பிறகு கையில் ஒட்டியிருந்த மிச்சத்தைப் பீப்பாயின் நெற்றி இருக்கக்கூடிய இடம் பார்த்து மூன்று பட்டையாக இழுத்தார்.

அடுப்பில் நீலத் தீ வட்டமாக எழுந்தது. சார் வாளியைக் கவிழ்த்து, சாயா போட்டு, இந்த முறை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் மோந்து பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "மணம் ஒண்ணும் இல்ல" என்று தங்கையைப் பார்த்துச் சொன்னார். அக்கா எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தார். 

இதோடு முடிந்திருந்தால் மாவிளைக்கோணம் ஆகாது. அடுத்த வாரமே ரோஸ்லி தலைமையில் கீழ் வீட்டுக்காரர்கள் ஆபீசுக்கு வந்தார்கள். மேல் வீட்டுக்குச் சுத்தம் செய்த கேஸ், தங்களுக்கு நாற்றக் கேஸா, தங்கள் மீனில் வந்த கேஸில் தங்களுக்கே இரண்டாம் தரமா என்று கேட்டார்கள். இதுவும் நியாயமாகத்தான் பட்டது. பீப்பாயைப் பெயர்த்துத் தாய்க் குழாயில் வைத்தோம். இப்போது ஊரில் அத்தனை வீட்டுக்கும் சைவக் கேஸ். நெத்திலிக் குழம்பும் சைவக் கேஸில்தான் கொதிக்கிறது. இதை அண்ணாச்சி எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். பீப்பாயைத் தாண்டிப் போன பிறகு கேஸ் என்ன செய்கிறது என்பது அந்தந்த அடுப்பின் பாடு என்று சொல்லிவிட்டார். பாயசம் குடித்த சைவத் தொட்டி திரும்ப எழுந்திருக்கவே இல்லை. அதைக் கழுவி, மழைத்தண்ணீர் நிரப்பி, ரோஸ்லி வளர்ப்பு மீன் விட்டிருக்கிறாள். உயிரோடு நீந்துகிற மீனில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அதற்கும் அண்ணாச்சி சம்மதம் கொடுத்தார்.

இரும்புத் துருவல் நாள்பட்டால் கறுத்துப்போகும். எடுத்து வெயிலில் பரப்பினால் திரும்பத் துருப்பிடித்து வேலைக்கு ஆகும். அந்தப் பொறுப்பை அண்ணாச்சி தானே ஏற்றுக்கொண்டார். குளித்து, திருநீறு பூசி, கோவில் காரியம் மாதிரி செய்வார். அதனால் ஆபீசிலிருந்து நாங்கள் யாரும் அதன் பக்கம் போகவில்லை. வரைபடத்தில் ஏறாமல் போனதும் அதனால்தான்.

நானும் ஆர்யாவும் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி கிணற்றடியில் கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதாகிவிட்டது, முட்டு மடங்குவதில்லை. ஆர்யா கேஸை அடைத்து, கையுறை மாட்டி, பீப்பாயின் மூடியைக் கழற்றினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் மூடி வந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தோம்.

பீப்பாய் காலியாக இருந்தது. துருவல் இல்லை, திருநீறு இல்லை, சுத்தமாக ஒன்றுமே இல்லை. தொட்டியிலிருந்து வருகிற கேஸ் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்க்கொண்டிருந்தது.

அண்ணாச்சி வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "வெயில்ல போட எடுத்தேன் மக்கா. அப்பப் பாத்து முட்டு பிடிச்சுக்கிட்டு. திரும்ப அள்ளிப் போட ஒக்கல்ல. சும்மா மூடி வச்சேன். நாத்தம் வரும், பகவதி அறிஞ்சுருவான்னு ரெண்டு நாளு பயந்து கிடந்தேன். ஒண்ணும் வரல்ல. அது ஆச்சு ரெம்ப வருஷம்."

"பின்ன எதுக்கு அப்பூப்பா டெய்லி பட்டை போடுதீங்க?" என்று ஆர்யா தாத்தா முறை சொல்லிக் கேட்டாள்.

"நான் போடாட்டி அவ அடுப்பைப் பூட்டீருவா. பின்ன விறகு. பின்ன அந்த இருமல். இந்த வயசில எனக்கு அதைக் கேக்கத் தெம்பில்ல மக்கா. அவகிட்ட மட்டும் சொல்லாண்டாம்."

சொல்ல மாட்டோம் என்றோம். முகம் கழுவிவிட்டு உள்ளே போனோம். பகவதி அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. பேசிக்கொண்டே முறுக்கைச் சுற்றுகிறது. நீலத் தீ, புகையில்லாத சுவர், சீரான மூச்சு. எங்களுக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு, வாசல் பக்கம் அண்ணன் வருகிறாரா என்று பார்த்தார்.

"பீப்பாயைத் தொறந்தியளா?"

நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். ஆர்யாவும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"காலியாக்கும், இல்லியா? எனக்குத் தெரியாதுன்னு அண்ணன் நினைச்சுக்கிட்டு இருக்கு. அந்த இரும்புத் தூள் சாக்கு நான் வத்தல் காயப்போடுத மொட்டை மாடியிலதானே அண்ணையிலேருந்தே கிடக்கு" என்றார் அக்கா. பிறகு அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டு, "பாவம் அண்ணன், எனக்கு வேண்டித்தானே தன் வைராக்கியம் அம்பிட்டையும் விழுங்கிச்சு. நான் அறிஞ்சேன்னு தெரிஞ்சா அண்ணனுக்குத் தாங்காது. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியளா" என்றார்.

அதற்கும் சரி என்றோம். ஆர்யா தன் பங்கு முறுக்கைத் தின்று முடிக்கவே இல்லை; கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்து அவள் பீப்பாயின் மூடியைத் திரும்ப வைத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள், கேஸைத் திறந்தாள், சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று முறைப்படி பார்த்தாள். நுரை வழிந்து மூன்று பட்டையும் அழிந்துபோயிருந்தது. கையுறையைக் கழற்றிக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அடுக்களையில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பூப்பா, இத்திரி திருநீறு தாங்க" என்று சத்தமாகச் சொல்லிக் கையை நீட்டினாள்.